முக்காலியக்காவின் முகம்

அத்தியாயம் பதினேழு

போன வியாழக்கிழமை மகள் ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாளே, அன்றிலிருந்து கோர்ட்டுக்காரர் வீட்டில் பேச்சு இல்லை. சாப்பிட வாருங்கள் என்பதற்குப் பதிலாகத் தட்டு வைக்கும் சத்தம். போய்விட்டு வருகிறேன் என்பதற்குப் பதிலாகக் கதவுச் சத்தம். அப்பாவும் மகளும் ஏழு நாளாகச் சத்தங்களால்தான் குடும்பம் நடத்தினார்கள்.

ஆல்பத்தில் பதினொரு படங்கள். பதினொன்றிலும் ஒரே ஆளின் கழுத்துக்கு மேலே வட்டமாக ஓட்டை.

"யாருப்பா இதைப் பண்ணினது?" என்று கேட்டாள் மகள்.

"உன் தாத்தா" என்றார் அவர்.

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அந்த ஓட்டைகளுக்குள் இருந்தவள் அவருடைய அக்கா. ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கடைவீதியின் மிகப்பெரிய துணிக்கடையில் வேலை பார்த்தவள். அந்தக் கடையில் விற்பனை செய்யும் பெண்கள் உட்காரக் கூடாது. கடை திறந்ததிலிருந்து அடைக்கும்வரை நிற்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும், காய்ச்சல் அடித்தாலும் நிற்க வேண்டும், வயிற்றில் பிள்ளை இருந்தாலும் நிற்க வேண்டும். ஒருநாள் காலை பதினொரு மணிக்கு அக்கா ஒரு காலி மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, நட்டநடுக் கடையில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னும் முப்பத்தொன்பது பேர் தரையில் உட்கார்ந்தார்கள். நாற்பது நாள் நடந்தது அது. போலீஸ் வந்தது, வேலை போனது, வழக்கு நடந்தது. கடைசியில், கடையில் வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் உட்கார ஒரு ஆசனம் போட்டாக வேண்டும் என்று சட்டம் வந்தது. ஊர் அவளுக்கு முக்காலியக்கா என்று பெயர் வைத்தது. முதலில் கேலியாக வைத்த பெயர்தான். போகப்போகக் கேலி உதிர்ந்து பெயர் மட்டும் நின்றது.

வீட்டிலோ அந்தப் பெயரை யாரும் உச்சரித்ததில்லை. போலீஸ் வண்டியில் ஏறிய பெண்ணுக்கு இந்த வீட்டில் இடமில்லை என்று அப்பா சொன்னார். அதோடு சரி.

கோர்ட்டுக்காரரின் மகள் பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். சட்டத்தை மீறி இன்னும் நிற்க வைக்கும் கடைகளிலிருந்து நரம்பு சுருண்ட கால்களோடு வரும் பெண்களுக்குக் கட்டுப் போடுபவள். அவர்கள் வாயில் கேட்டுக் கேட்டுத்தான் முக்காலியக்கா என்பவள் தன் சொந்த அத்தை என்று அவளுக்குத் தெரிய வந்தது. பிறகு சும்மா இருப்பாளா? கையெழுத்து வாங்கினாள், மனுக் கொடுத்தாள், நகராட்சிப் படிகளில் இரண்டு வருஷம் ஏறி இறங்கினாள்.

"ஊர்ல பதினாலு சிலைப்பா. பதினாலும் ஆம்பளை. அதுல மூணு பேர் குதிரையில. குதிரைக்குக்கூட இடம் இருக்கு, எங்க அத்தைக்கு இல்லையா?" என்று அவள் கூட்டத்தில் கேட்டது பத்திரிகையில் வந்தது. கோர்ட்டுக்காரர் அந்தப் பக்கத்தை மட்டும் மடித்துக் கீழே வைத்தார்.

கடைவீதி நாற்சந்தியில் இடம் கிடைத்தது. ஒரு நிபந்தனையும் கூடவே வந்தது. அக்காவுக்குப் புகைப்படம் என்று ஒன்றுமே கிடையாது. அவள் கடைசிக் காலத்தில் இருந்த விடுதியின் பதிவேடுகள் வெள்ளத்தில் ஊறிப் போயின. பழைய பத்திரிகைப் படத்தில் தெரிவது நாற்பது முதுகுகள்தான். அதனால், சிலையின் முகம் இன்னாருடையதுதான் என்று ரத்த உறவு ஒருவர் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். இந்த வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குள் தராவிட்டால், கடை முதலாளிகள் சங்கம் அதே இடத்தில் கடிகாரக் கம்பம் நிறுத்தும்.

அவளைக் கண்ணால் பார்த்த ரத்த உறவு என்று மிச்சமிருப்பது கோர்ட்டுக்காரர் ஒருவர்தான்.

அந்த வியாழக்கிழமை விடிந்தேவிட்டது.

*

"வண்டி வந்தாச்சு."

மகள் வாசலில் நின்று சொன்னாள். கூட ஒரு 'அப்பா' சேர்ந்திருந்தால் ஒன்றும் குறைந்து போயிருக்காது. சேரவில்லை.

கோர்ட்டுக்காரர் கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு இறங்கினார். எழுபது வயதிலும் அவர் முதுகு வளைந்ததில்லை. முப்பத்து நாலு வருஷம் நீதிமன்றத்தில் அலுவலராக இருந்து, பிறர் செய்யும் சத்தியத்தை வாங்கி எழுதிய மனிதர். கண்ணால் கண்டது எது, காதால் கேட்டது எது என்று பிரிக்காமல் ஒரு பிரமாணத்தையும் அவர் மேஜையைத் தாண்ட விட்டதில்லை. வக்கீல்களே அவருக்குப் பயப்படுவார்கள். வீட்டு விஷயம் வீட்டுக்குள்ளேதான் இருக்க வேண்டும் என்பதிலும் அவர் அதே கண்டிப்புக்காரர். அந்தக் கண்டிப்பை இன்றைக்கும் அவர் தவறென்று நினைக்கவில்லை. நினைத்திருந்தால் இந்த ஏழு நாளும் இவ்வளவு கனத்திருக்காது.

சிற்பியின் கொட்டகை ஒரு காலத்தில் லாரி பழுது பார்த்த இடம். தரையில் இன்னும் எண்ணெய்க் கறை. நடுவில் ஆளுயரத்துக்குமேல் ஓர் உருவம், ஈரத் துணி போர்த்தி இருந்தது. துணி காய்ந்தால் களிமண் வெடிக்கும் என்பதால், சிற்பி பேசிக்கொண்டே அவ்வப்போது தண்ணீர் தெளிப்பாள். நாற்பத்தைந்து வயதுக்காரி. முழங்கைவரை மண். வாய் மட்டும் சுத்தம், அதாவது மனதில் பட்டதை அப்படியே சொல்லும் சுத்தம்.

"வாங்கய்யா. இன்னிக்கு உங்களுக்கு வேலை கிடையாது. பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டா போதும். மூணு நாளா உங்க மூக்கை அளந்து அளந்து எனக்கே உங்க ஜாடை வந்திடுச்சு."

மூன்று காலை அவர் அந்தக் கொட்டகையில் ஒரு மர ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கூடப் பிறந்தவர்களின் எலும்பு பொய் சொல்லாது என்று சிற்பி சொல்லியிருந்தாள். வளைந்த இரண்டு கால்கள் உள்ள அளவுகோலால் அவர் நெற்றியை, கன்ன எலும்பை, தாடையைப் பிடித்துப் பிடித்து அளந்து களிமண்ணுக்குக் கொண்டு போனாள். எலும்பு அவரிடமிருந்து. மற்றதெல்லாம் அவர் சொல்லச் சொல்ல. இடது கன்னத்தில் மச்சம். இடது புருவம் கொஞ்சம் தூக்கல். வகிடும் நடுவில் இல்லை, இடப்பக்கம் தள்ளி. அவர் சாட்சி சொல்வதுபோலச் சொன்னார். அவள் கம்பி வளையத்தால் மண்ணை வழித்து வழித்துச் சேர்த்தாள்.

உட்கார்ந்த கோலத்துக்கு மட்டும் அவர் கடைசிவரை இறங்கி வரவில்லை. இன்றைக்கும் துணிக்கு வெளியே தெரிந்த முழங்காலைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"நின்ன மாதிரி பண்ணியிருக்கலாம். நாற்சந்தியில எங்க வீட்டுப் பொண்ணு உட்கார்ந்திருக்கிறதா? கௌரவமா நிக்கட்டுமே."

"நின்னுதானே தம்பி செத்தா."

குரல் பின்னாலிருந்து வந்தது. கண்ணில் கறுப்புக் கண்ணாடியும் கையில் தடியுமாக ஒரு அம்மாள் உள்ளே வந்துகொண்டிருந்தார். எண்பதை நெருங்கும் வயது. ரிப்பன்காரம்மா என்றால் கடைவீதியில் எல்லோருக்கும் தெரியும். அந்த நாற்பது பேரில் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். கண் அறுவை முடிந்து நேற்றுத்தான் கட்டுப் பிரித்தார்கள். பிரித்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தார்.

மகள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். ஏழு நாளில் அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது அப்போதுதான். கோர்ட்டுக்காரர் அதைக் கவனித்தார். கவனிக்காத மாதிரியும் இருந்தார்.

"எங்க குடும்பத்துல யாரும் தெருவுல உட்கார்ந்ததில்லைங்க" என்றார் அவர் விறைப்பாக.

"ஒருத்தி உட்கார்ந்தா. அதனாலதான் சிலை. நீங்க நின்னதுக்கு யாராவது சிலை வச்சாங்களா?"

சிற்பி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். மகள் அடக்கவே இல்லை.

"திறம்மா. பார்ப்போம்" என்றார் ரிப்பன்காரம்மா.

சிற்பி ஈரத் துணியை மேலிருந்து மெதுவாக உரித்தாள்.

ஒரு மரப்பெட்டிமேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கைகள் முழங்காலின்மேல் தளர்ந்து கிடந்தன. பாதங்கள் தரையில் முழுக்கப் படியாமல், இப்போதுதான் பாரம் இறங்கியதுபோலக் குதிகால் லேசாகத் தூக்கியிருந்தது. முகம் நிமிர்ந்திருந்தது. மகள் மூச்சை இழுத்துப் பிடித்தாள். கோர்ட்டுக்காரர் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அக்கா.

ரிப்பன்காரம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கிட்டே போனார். தள்ளி வந்தார். மறுபடி கிட்டே போனார்.

"இது அவ இல்ல."

துணியை மடித்துக்கொண்டிருந்த சிற்பி நிமிர்ந்தாள்.

"எல்லாம் அவ மாதிரிதான் இருக்கு. மூக்கு அவ மூக்கு. தாடை அவ தாடை. ஆனா அவ இல்ல. அவளுக்கு அக்காவோ தங்கச்சியோ இருந்தா இப்படி இருப்பா."

"அம்மா, நேத்துத்தான் கட்டுப் பிரிச்சிருக்காங்க" என்று கோர்ட்டுக்காரர் குறுக்கிட்டார். "ரெண்டு நாள் மங்கலாத்தான் இருக்கும்."

"கண்ணு பளிச்சுனு தெரியுது. உங்க கோட்டுல மூணாவது பொத்தான் வேற நூலு. போதுமா?"

அவர் கை தானாகப் பொத்தானுக்குப் போனது.

"மச்சம் வலது கன்னத்துல" என்றார் ரிப்பன்காரம்மா. "இதுல இடப்பக்கம் இருக்கு. புருவமும் அப்படித்தான்."

"இடது கன்னம்."

"வலது."

"என் கூடப் பிறந்தவ. எனக்குத் தெரியாதா?"

"தம்பி, கடையில துணி பிரிவும் ரிப்பன் பிரிவும் பக்கத்துப் பக்கத்துல. நான் அவளுக்கு வலப்பக்கம் நின்னவ. பத்து வருஷம். எதிர்ல நின்னு பேசினா மேற்பார்வைக்காரன் திட்டுவான். அதனால முன்னால பார்த்துக்கிட்டே வாயைத் திறக்காம பேசுவோம். பக்கவாட்டுல எனக்குத் தெரிஞ்சது அந்த மச்சம் ஒண்ணுதான். அது அசைஞ்சா அவ சிரிக்கிறான்னு அர்த்தம். அதைப் பார்த்துக்கிட்டேதான் பத்து வருஷம் ரிப்பன் அளந்தேன்."

நல்ல சாட்சி எது என்று கோர்ட்டுக்காரருக்குத் தெரியும். எங்கே நின்றாய், எத்தனை நாள், எப்படித் தெரியும் என்று மூன்றுக்கும் கேட்காமலே பதில் வந்துவிட்டது. அவர் மேஜையில் வந்திருந்தால் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டிருப்பார்.

ஆனால் அவர் கண்ணுக்குள் இருந்த அக்காவுக்கு மச்சம் இடப்பக்கம்தான். அதுவும் பொய்யில்லை. ஆயிரம் காலை பார்த்த முகம்.

"ஐயா" என்று சிற்பி கேட்டாள். "நீங்க அவங்களை எங்க வச்சுப் பார்ப்பீங்க?"

"இதென்ன கேள்வி? வீட்டுலதான்."

"வீட்டுல எங்க? எப்போ?"

அவர் சொல்லத் தொடங்கி, நிறுத்தினார்.

அம்மா இல்லாத வீடு. அவருக்கு ஐந்து வயதாகும்போது, பதினாலு வயதில் அக்கா கடைக்குப் போக ஆரம்பித்தாள். வாரம் ஏழு நாளும் கடை. அவள் திரும்பி வரும்போது அவர் தூங்கியிருப்பார். காலையில் கிளம்பும் அவசரத்தில் அவரை எழுப்பி, முகம் கழுவிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, பின்னால் நின்று தலை வாரிவிடுவாள். வாரிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்துத்தான் அவரிடம் பேசுவாள். இன்றைக்கு என்ன பாடம், சண்டை போடாதே, அப்பாவிடம் அடி வாங்காதே. வாரி முடித்ததும் பையை எடுத்துக்கொண்டு ஓடுவாள். அப்போது தெரிவது முதுகு.

சிற்பி சுவரோரம் சாய்த்து வைத்திருந்த ஒரு பெரிய கண்ணாடியைத் தூக்கி வந்தாள். செய்த முகத்தில் கோணல் இருக்கிறதா என்று சிற்பிகள் கண்ணாடியில் காட்டிப் பார்ப்பது வழக்கம். அதைக் களிமண் முகத்துக்கு எதிரே பிடித்து, ரிப்பன்காரம்மாவை ஒதுங்கி நின்று பார்க்கச் சொன்னாள்.

ரிப்பன்காரம்மா பார்த்தார். தடி கீழே விழுந்தது.

"அடிப்பாவி" என்றார் மெதுவாக. "அடிப்பாவி, இதோ இருக்கியேடி."

கண்ணாடிக்குள் முக்காலியக்கா வலது கன்னத்து மச்சத்தோடு உட்கார்ந்திருந்தாள். அறுவை செய்த கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று மகள் பஞ்சை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். ரிப்பன்காரம்மா தட்டிவிட்டார்.

கோர்ட்டுக்காரர் ஒரு கையால் லாரிக்காரர்கள் விட்டுப்போன இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டார். நினைவு தெரிந்த பிறகு பத்து வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் அக்காவின் முகத்தை அவர் ஒருநாளும் நேராகப் பார்த்ததில்லை. பார்க்க அவளுக்கு நேரமில்லை. கடை அந்த நேரத்தை எடுத்துக்கொண்டது. அவருக்கு மிஞ்சியது கண்ணாடியில் விழுந்த அளவுதான்.

*

"ரெண்டு மணி நேரம் கொடுங்க" என்றாள் சிற்பி. "மச்சம், புருவம், வகிடு, உதட்டுக் கோணல், எல்லாத்தையும் பக்கம் மாத்திடறேன். மண்ணுதானே, சொன்னா கேட்கும்."

மகள் நகராட்சிப் படிவத்தை நீட்டினாள். "அதுக்குள்ள இதை நிரப்பிடுங்கப்பா. நாலு மணிக்குள்ள போகணும்."

அப்பா என்ற சொல் வந்துவிட்டது. தன்னை அறியாமல் வந்தது.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து படிவத்தைப் படித்தார். 'இம்முகம் இன்னாருடையதே என்று என் சொந்த அறிவின்படி உறுதி கூறுகிறேன்.' பேனா மூடியைத் திறந்தவர் மறுபடி மூடினார்.

"என்னால இதுல கையெழுத்துப் போட முடியாது."

மகளின் முகம் வெளுத்தது. "மறுபடியும் உட்கார்ந்திருக்கிறதா, நிக்கிறதான்னு ஆரம்பிக்காதீங்கப்பா. கெஞ்சிக் கேட்கிறேன்."

"அதில்ல. சொந்த அறிவுன்னு போட்டிருக்கு. எனக்குத் தெரிஞ்சது தப்புன்னு இப்பத்தானே நிரூபணமாச்சு? அந்தம்மா சொல்லித் திருத்தினதை நான் என் அறிவுன்னு எப்படிச் சொல்றது?"

"யாருப்பா பார்க்கப் போறாங்க, மச்சம் எந்தப் பக்கம்னு? அங்க ஒரு கையெழுத்து வேணும். அவ்வளவுதான்."

"நான் பொய்ப் பிரமாணத்துல கையெழுத்துப் போடமாட்டேன்."

"அத்தைக்காகக்கூடவா?"

"யாருக்காகவும்."

"அப்போ கடிகாரம் வரட்டும்" என்றாள் மகள். குரல் உடைந்தது. "நாற்பது வயசுல காலை வெட்டச் சொல்ற டாக்டர்கிட்ட நான் தினமும் பொண்ணுங்களைக் கூட்டிட்டுப் போறேன். அவங்களுக்கு ஒரு முகம் இருந்தா நல்லா இருக்கும்னு நினைச்சேன். எங்க தாத்தா அதை வெட்டி எறிஞ்சார். நீங்க எழுத மாட்டேங்கிறீங்க. நல்ல குடும்பம்."

நல்ல குடும்பம் என்ற சொல் முகத்தில் அடித்தாற்போல விழுந்தது. அவர் வாழ்நாள் முழுக்கக் கட்டிக் காத்தது அந்த இரண்டு சொற்களைத்தான்.

சிற்பி கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து மச்சத்தை இந்தக் கன்னத்திலிருந்து பெயர்த்து அந்தக் கன்னத்துக்குக் கொண்டுபோனாள்.

"வெள்ளைத் தாள் இருக்கா?" என்றார் கோர்ட்டுக்காரர்.

"எதுக்கு?"

"படிவத்தோட இணைப்பு வைக்கலாம். எனக்கு நேரா தெரிஞ்சது இது, அந்தம்மா சொன்னது இதுன்னு பிரிச்சு எழுதினா செல்லும். சட்டத்துல இடம் இருக்கு."

சிற்பி தாள் தந்தாள். அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு எழுதினார். பழைய கோர்ட்டுக் கையெழுத்து. அடித்தல் திருத்தல் கிடையாது. ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் திருப்பினார். மகள் எட்டிப் பார்த்தபோது கையால் மறைத்தார். ஓரிடத்தில் பேனா ரொம்ப நேரம் அசையவில்லை. பிறகு, எழுதாமல் விட்டிருந்தால் அவருக்கு நல்லதாக இருந்திருக்கும் ஒன்றையும் எழுதி முடித்தார்.

*

நகராட்சியில் மூன்றாவது மாடி. ரிப்பன்காரம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றி முடித்தபோது மூன்றே முக்கால். சாட்சி சொன்னவரும் வந்தாக வேண்டும் என்று கோர்ட்டுக்காரரே கூட்டி வந்திருந்தார்.

பிரிவு எழுத்தர் ஒரு இளம்பெண். ஜலதோஷம். கைக்குட்டையும் முத்திரையும் ஒரே கையில். தாளை வாங்கிப் புரட்டினாள்.

"ரெண்டு பக்கமா? சரிங்கய்யா, இங்க கையெழுத்துப் போடுங்க."

"போட மாட்டேன்."

"ஏன்?"

"பிரமாணத்தை உரக்கப் படிச்சுக் காட்டணும். எழுதினவன் கேட்டு, ஆமாம்னு சொன்னப்புறம்தான் கையெழுத்து. அதுதான் முறை."

"நீங்கதானே எழுதினீங்க?"

"முறைன்னா எல்லாருக்கும்தான்."

எழுத்தர் கடிகாரத்தையும் மகளையும் பார்த்தாள். மகள் வேறு வழியில்லாமல் தலையசைத்தாள். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினாள். மனப்பாடம் ஒப்பிக்கும் குரல். முதல் பத்தி உறவுமுறை. இரண்டாவது பத்தி தலை வாரியது, கண்ணாடி, மச்சம், ரிப்பன்காரம்மாவின் சாட்சி.

"'மூன்று. புகைப்படம் இல்லாததன் காரணம். வீட்டிலிருந்த பதினொரு படங்களிலும் என் அக்காவின் முகம் கத்தரிக்கப்பட்டது. அத்தனை படத்திலும் முகம் சுண்டுவிரல் நகம் அளவுதான். மச்சம் தெரியும் அளவுக்குப் பெரிய படம் அவருக்கு யாரும் எடுத்ததில்லை. கத்தரிக்கச் சொன்னவர் என் தந்தை. கத்தரித்தவன் நான். அப்போது எனக்கு வயது பதினைந்து. கத்தரித்ததை அடுப்பில் போட்டதும் நான்தான். இதை என் மகளிடம் மாற்றிச் சொல்லியிருந்தேன்.'"

மகள் திரும்பினாள். அவர் மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"'நான்கு. அவரை நான் கடைசியாக நேரில் பார்த்த நாள்...'" எழுத்தர் ஒரு தேதியைப் படித்தாள். பிறகு வரி வரியாகக் கண்ணை ஓட்டினாள். ஒப்பிக்கும் குரல் நின்றது. "ஐயா, இதையும் படிக்கணுமா?"

"படிங்க. விட்டுட்டா செல்லாது."

"'அன்று என் வீட்டு வாசலுக்கு வந்தார். என் தந்தை இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தடுக்க வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் முன்னறையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. பத்திரிகைக்குக் கீழே அவர் பாதங்கள் மட்டும் தெரிந்தன. இரண்டு கணுக்காலிலும் துணிக்கட்டு இருந்தது. பாதங்களை வைத்து அக்கா என்று எனக்குத் தெரிந்தது. வீட்டில் யாரும் இல்லை அம்மா என்று, பழக்கமில்லாதவரிடம் சொல்வதுபோலச் சொன்னேன். கொஞ்ச நேரம் பாதங்கள் அங்கேயே இருந்தன. பிறகு போய்விட்டன. முகத்தைப் பார்க்கவில்லை. இது உண்மை.'"

எழுத்தர் தாளை மேஜையில் வைத்தாள். கைக்குட்டையைத் தேடினாள். இந்த முறை ஜலதோஷத்துக்காக இல்லை.

"ஆமாம்" என்றார் கோர்ட்டுக்காரர். குனிந்து கையெழுத்துப் போட்டார். ரிப்பன்காரம்மா கீழே தன் கையெழுத்தைப் போட்டார். முத்திரை விழுந்தது. மணி மூன்று ஐம்பத்திரண்டு. கடைவீதி நாற்சந்தியில் முக்காலியக்கா உட்காரப் போகிறாள். அதில் இனி யாரும் கை வைக்க முடியாது.

இரண்டு வருஷம் படியேறிய மகள் சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. அவள் அசையாமல் நின்றாள்.

"அந்தத் தேதி" என்றாள். "நான் பிறந்து மூணாம் நாள்."

"ஆமாம்மா."

"அம்மாவும் நானும் ஆஸ்பத்திரியில இருந்தோம்."

"ஆமாம்."

"போராட்டத்துக்கப்புறம் அத்தை நம்ம வீட்டுப் பக்கமே வரலைன்னு சொன்னீங்களே. அவங்களுக்கு நம்ம வேண்டாம், அவங்களா ஒதுங்கிட்டாங்கன்னு சொன்னீங்களே. முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னாலயே வந்தவங்களை, வரலைன்னு இன்னிக்கு வரைக்கும் நம்பிக்கிட்டு இருந்தேனே. கூட்டத்துல எல்லாம் அதைத்தானேப்பா பேசினேன்?"

எழுத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடும் மனிதர்களுக்கு வாயால் சொல்ல ஒன்றும் மிஞ்சுவதில்லை.

"எதுக்கு வந்தாங்க?"

"கேட்கலம்மா."

"கேட்கல" என்று அவள் திருப்பிச் சொன்னாள். அந்தச் சொல்லை எங்கே வைப்பதென்று தெரியாதவள்போல ஒரு கணம் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று மாடிப்படியை நோக்கி நடந்தாள்.

ரிப்பன்காரம்மா தடியை ஊன்றி எழுந்தார்.

"அன்னிக்குத் தெருமுனை வரைக்கும் நானும் கூட வந்தேன் தம்பி. அந்தக் காலை வச்சுக்கிட்டு அவளால தனியா வர முடியல. முனையில நின்னுக்கிட்டேன். அவ எதுக்கு வந்தான்னு எனக்குத் தெரியும்."

கோர்ட்டுக்காரர் நிமிர்ந்தார். "சொல்லுங்கக்கா."

அந்தம்மாளை அவர் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ரிப்பன்காரம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"உங்ககிட்ட சொல்றதுக்கில்ல. அன்னிக்கு அவ உங்களைத் தேடி வரல. உங்க பொண்ணைத் தேடி வந்தா. அவகிட்டதான் சொல்லணும்."

சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். முதல் திருப்பத்தில் காத்திருந்த மகள் அவர் கையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொள்வது தெரிந்தது. அப்பாவுக்காக அவள் காத்திருக்கவில்லை.

கோர்ட்டுக்காரர் நடைபாதை ஜன்னலருகே போய் நின்றார். மூன்று மாடிக்குக் கீழே தெரு. இருவரும் வெளியே வந்தார்கள். ரிப்பன்காரம்மா நடந்துகொண்டே பேசினார். பேச்சு மேலே வரவில்லை, வாயசைவு மட்டும் தெரிந்தது. நாலு அடி போனார்கள். ஐந்தாவது அடியில் மகள் நின்றுவிட்டாள். போகிற வருகிற ஆட்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ரிப்பன்காரம்மா இன்னும் பேசினார். மகளின் கை மெதுவாக எழுந்து அவள் வாயைப் பொத்தியது.

பிறகு அவள் தலையைத் தூக்கி, ஒவ்வொரு மாடியாகத் தேடி, அந்த ஜன்னலைக் கண்டுபிடித்தாள்.

பின்னால் ஒரு அடி எடுத்து வைத்து மறைந்துகொள்ள இடம் இருந்தது. கோர்ட்டுக்காரர் நகரவில்லை. மகளின் முகத்தில் இருந்தது இன்னதென்று அந்தத் தூரத்தில் அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் கண்ணைத் தாழ்த்தாமல், அந்த முகத்தை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டே நின்றார்.